ஓர் அணுவைத் தாளில் கட்டுவது எப்படி: புரோட்டான் முதல் எலக்ட்ரான் வரை, வரிசை தவறாமல்

"இரும்பு-56, மின்சுமை +3. உள்ளே என்னென்ன, எத்தனை இருக்கின்றன? எது எங்கே இருக்கிறது?" இந்த மாதிரிக் கேள்வியைக் கொடுத்தால் புதிதாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் நேராக எலக்ட்ரானில்தான் கை வைப்பார்கள். வட்டம் வட்டமாக வரைந்து புள்ளி வைக்கத் தொடங்கிவிடுவார்கள். பாதி வழியில் கணக்கு இடிக்கும். எங்கே தவறினோம் என்று தேடவும் முடியாது.

வேலை ஒன்றும் கடினமில்லை, வரிசைதான் முக்கியம். முதலில் புரோட்டான், பிறகு நியூட்ரான், கடைசியில்தான் எலக்ட்ரான். புரோட்டான் எண்ணிக்கை தெரியாமல் மற்ற இரண்டையும் கண்டுபிடிக்க வழியில்லை என்பதுதான் இதற்குக் காரணம். இந்த இரும்பு அயனியையே (மின்சுமை உள்ள அணுவுக்கு அயனி என்று பெயர்) எடுத்துக்கொண்டு படிப்படியாகப் போகலாம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

தனிம வரிசை அட்டவணை ஒன்று வேண்டும். அணு எண், அணு நிறை இரண்டும் அச்சிட்டதாக இருக்கட்டும். கேள்வியில் நிறை எண்ணும் மின்சுமையும் கொடுத்திருக்கிறார்களா என்று பார்த்துத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். அணு எண், நிறை எண், மின்சுமை என்ற மூன்று எண்கள் இருந்தால் போதும், மற்றதெல்லாம் கழித்தல் கணக்கு.

அடுத்து மூன்று துகள்களைப் பற்றிய விவரம். புரோட்டானின் மின்சுமை +1, எலக்ட்ரானுடையது −1, நியூட்ரானுக்கு 0. இங்கே 1 என்பது 1.602 × 10⁻¹⁹ கூலூமைக் குறிக்கிறது. அணு நிறை அலகில் புரோட்டானின் நிறை 1.00728, நியூட்ரானின் நிறை 1.00866, எலக்ட்ரானின் நிறை 0.00055.

இந்தத் தசமங்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். இரண்டு உறவுகள் நினைவில் இருந்தால் போதும். நியூட்ரான் புரோட்டானை விட ஒரு துளி கனமானது. புரோட்டான் எலக்ட்ரானைப் போல் சுமார் 1836 மடங்கு கனமானது. நிறை எண்ணில் எலக்ட்ரானை ஏன் சேர்ப்பதில்லை என்பதற்கு இரண்டாவது உறவே பதில். நியூட்ரான் ஏன் புரோட்டானாக மாற முடிகிறது என்பதற்கு முதல் உறவு கடைசிப் படியில் உதவும்.

புரோட்டானுக்கும் நியூட்ரானுக்கும் உள்ளே இருக்கும் இன்னும் சிறிய துகள்களான குவார்க்குகளை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அவற்றை முதலிலேயே இழுத்துப் போட்டுக் குழம்புகிறவர்கள் நிறையப் பேர். அணுவைக் கட்டி முடித்த பிறகு அவற்றைப் பார்ப்பதுதான் வசதி.

2. புரோட்டான்: அணு எண்ணைப் படியுங்கள்

அட்டவணையில் தனிமத்தின் கட்டத்தைத் தேடி, அணு எண்ணை எடுத்து எழுதுங்கள். இரும்புக்கு 26. ஆக, 26 புரோட்டான். இந்தப் படி இவ்வளவுதான்.

இதை முதலில் செய்வதற்குக் காரணம், ஒரு தனிமத்தை அந்தத் தனிமமாக வைத்திருப்பது இந்த எண் மட்டுமே. எலக்ட்ரான் போனாலும் வந்தாலும் இரும்பு இரும்புதான். நியூட்ரான் கூடினாலும் குறைந்தாலும் இரும்புதான். ஒரு புரோட்டான் கூடினால் அது கோபால்ட், ஒன்று குறைந்தால் மாங்கனீசு.

இங்கே நடக்கும் தவறு, நிறையைப் பார்த்து அணு எண்ணை ஊகிப்பது. கனமான அணுவுக்குப் புரோட்டான் அதிகம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். கோபால்ட்டின் அணு நிறை 58.93, அதற்கு அடுத்த கட்டத்தில் உள்ள நிக்கலுக்கு 58.69 தான். ஆனால் கோபால்ட்டுக்கு 27 புரோட்டான், நிக்கலுக்கு 28. ஆர்கானும் பொட்டாசியமும் இதே கதைதான்: 18 புரோட்டான் உள்ள ஆர்கானுக்கு 39.95, 19 உள்ள பொட்டாசியத்துக்கு 39.10. நிறையைப் பார்த்துக் கணித்தால் இந்த ஜோடிகளில் கட்டாயம் வழுக்கும்.

3. நிறை எண்: அட்டவணையில் தேடாதீர்கள்

இந்தப் படியில் கொஞ்சம் நின்று நிதானமாகப் போக வேண்டும். நான் பார்த்தவரை அதிகம் பேர் விழுவது இங்கேதான்.

நிறை எண் என்பது ஒரு குறிப்பிட்ட அணுவின் கருவுக்குள் இருக்கும் புரோட்டான், நியூட்ரான்களின் மொத்த எண்ணிக்கை. அது எப்போதும் முழு எண். அட்டவணையில் அச்சாகியிருக்கும் அணு நிறை வேறு விஷயம். இயற்கையில் கிடைக்கும் ஐசோடோப்புகளின் (ஒரே தனிமத்தின், நியூட்ரான் எண்ணிக்கை மட்டும் வேறுபடும் அணுக்களின்) நிறைகளை, ஒவ்வொன்றும் எந்த விகிதத்தில் கிடைக்கிறது என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு போட்ட சராசரி அது.

குளோரினை எடுத்துக்கொள்ளுங்கள். இயற்கைக் குளோரினில் ஏறக்குறைய 75.8 விழுக்காடு குளோரின்-35, 24.2 விழுக்காடு குளோரின்-37. அவற்றின் நிறை முறையே 34.97, 36.97. பெருக்கிக் கூட்டினால் 35.45 வரும். இந்த 35.45 நிறையோடு ஒரு குளோரின் அணுகூட உலகத்தில் இல்லை. அது கூட்டத்தின் சராசரி.

"சரி, தசமத்தை முழுமையாக்கினால் போதாதா?" என்பது அடுத்த கேள்வி. சில தனிமங்களில் போதும். சோடியத்துக்கு 22.99, முழுமையாக்கினால் 23. இயற்கையில் கிடைக்கும் சோடியம் முழுக்க சோடியம்-23 என்பதால் விடை சரியாக வந்துவிடுகிறது. இரும்பின் 55.85 என்பதும் 56 ஆகி, அதிகமாகக் கிடைக்கும் ஐசோடோப்பிலேயே போய் நிற்கிறது. இப்படி இரண்டு மூன்று முறை சரியாக வந்தவுடன் அதையே விதியாக எடுத்துக்கொள்கிறார்கள்.

இப்போது புரோமினைப் பாருங்கள். அணு நிறை 79.90, முழுமையாக்கினால் 80. இயற்கையில் கிடைக்கும் புரோமினில் புரோமின்-79, புரோமின்-81 இரண்டும் கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி இருக்கின்றன. நிலையான புரோமின்-80 என்று ஒன்று கிடையாது. தாமிரமும் அப்படியே: 63.55 என்பதை 64 ஆக்கினால், 63-க்கும் 65-க்கும் நடுவே இயற்கையில் கிடைக்காத ஐசோடோப்பு ஒன்றை வரைந்து வைத்திருப்பீர்கள்.

ஆகவே நிறை எண்ணைக் கேள்வியிலிருந்து எடுங்கள். தனிமத்தின் பெயரை அடுத்து வரும் எண் அதுதான்: இரும்பு-56 என்றால் 56. கொடுக்கவில்லை என்றால் எந்த ஐசோடோப்பு என்று முதலில் தீர்மானித்து, விடையில் அதை எழுதிவிடுங்கள். எழுதாமல் ஊகித்தால் திருத்துகிறவருக்கும் புரியாது, அடுத்த வாரம் உங்களுக்கும் புரியாது.

4. நியூட்ரான்: கழியுங்கள், பிறகு விகிதத்தைப் பாருங்கள்

நிறை எண்ணிலிருந்து அணு எண்ணைக் கழித்தால் நியூட்ரான். 56 − 26 = 30. அவ்வளவுதான்.

விடை நம்பத்தக்கதா என்று பார்க்க ஒரு சுலபமான சோதனை உண்டு. புரோட்டான்கள் ஒன்றையொன்று மின்விசையால் விலக்கும். அவற்றைக் கருவுக்குள் பிடித்து வைப்பது அணுக்கரு விசை. ஆனால் அது மிகக் குறுகிய தூரத்துக்கு மட்டுமே எட்டும், கிட்டத்தட்டப் பக்கத்தில் உள்ள துகளோடு சரி. மின்விலக்கலோ கருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை எட்டும். எனவே கரு பெரிதாகப் பெரிதாக, விலக்கலைக் கூட்டாமல் பிடிப்பை மட்டும் கூட்டும் நியூட்ரான்கள் அதிகமாகத் தேவைப்படுகின்றன.

கால்சியம்-40-இல் 20 புரோட்டானுக்கு 20 நியூட்ரான். இரும்பு-56-இல் 26-க்கு 30. ஈயம்-208-இல் 82-க்கு 126, அதாவது ஒன்றரை மடங்குக்கும் சற்று மேல். நிலையான அணுக்கருக்கள் ஏறக்குறைய இந்த வரம்புக்குள்தான் இருக்கும். உங்கள் விடையில் நியூட்ரான் புரோட்டானைப் போல் இரண்டு மடங்கு வந்தாலோ, பாதியாக வந்தாலோ, கழித்தலை மறுபடி பாருங்கள். பெரும்பாலும் கழிக்காமல் நிறை எண்ணையே நியூட்ரான் என்று எழுதியிருப்பீர்கள்.

விதிவிலக்காக ஹைட்ரஜன்-1 இருக்கிறது. அதன் கரு வெறும் ஒரு புரோட்டான். நியூட்ரான் 0 என்று வந்தால் பயப்பட வேண்டாம். பிடித்து வைக்க இன்னொரு புரோட்டானே இல்லாத இடத்தில் நியூட்ரானும் தேவையில்லை.

5. எலக்ட்ரான் எண்ணிக்கை: அடையாளக்குறியில் கவனம்

மின்சுமை இல்லாத அணு என்றால் எலக்ட்ரானும் புரோட்டானும் சமம். அயனி என்றால் புரோட்டான் எண்ணிக்கையிலிருந்து மின்சுமையை அதன் குறியோடு சேர்த்துக் கழியுங்கள்.

இரும்பு +3: 26 − 3 = 23 எலக்ட்ரான். சல்பைடு அயனியில் கந்தகம் −2: 16 − (−2) = 18 எலக்ட்ரான்.

கூட்டல் குறியைப் பார்த்ததும் கை தானாகக் கூட்டிவிடும். 29 என்று எழுதிய விடைத்தாள்களுக்குக் கணக்கில்லை. + என்பது நேர் மின்சுமை மிஞ்சியிருப்பதைச் சொல்கிறது. அப்படி மிஞ்ச வேண்டுமானால் எலக்ட்ரான் வெளியேறியிருக்க வேண்டும். புரோட்டானைச் சேர்த்து நேர் அயனி செய்ய முடியாது, சேர்த்தால் தனிமமே மாறிவிடும். இதை ஒரு தடவை மனதில் ஏற்றிக்கொண்டால் குறி பிசகாது.

6. எலக்ட்ரான்களை இடத்தில் வைத்தல்

எண்ணிக்கை கையில் வந்தாகிவிட்டது. இனிதான் கூடுகளுக்கு, அதாவது கருவைச் சுற்றி எலக்ட்ரான்கள் இருக்கும் அடுக்குகளுக்கு, போக வேண்டும்.

ஒரு கூடு எத்தனை எலக்ட்ரான் கொள்ளும் என்று அறிய, கூட்டின் எண்ணை வர்க்கமாக்கி இரண்டால் பெருக்குங்கள்: 2, 8, 18, 32. இது கொள்ளளவு மட்டுமே. எந்த வரிசையில் நிரம்பும் என்பதை இது சொல்லாது.

பொட்டாசியத்தில் இந்த வித்தியாசம் தெரிந்துவிடும். 19 எலக்ட்ரான். கொள்ளளவை மட்டும் பார்ப்பவர் 2, 8, 9 என்று எழுதுவார். உண்மையில் 2, 8, 8, 1. மூன்றாவது கூட்டில் இன்னும் பத்து இடம் காலியாக இருக்க, கடைசி எலக்ட்ரான் நாலாவது கூட்டுக்குப் போய்விடுகிறது. ஏனென்றால் எலக்ட்ரான் கூட்டின் எண்ணைப் பார்ப்பதில்லை, குறைந்த ஆற்றலுள்ள இடத்துக்குத்தான் போகும்.

அதனால் முதல் இருபது தனிமங்களைத் தாண்டிவிட்டால் கூடுகளை விட்டுவிட்டு அவற்றின் உட்பிரிவுகளான துணைக்கூடுகளில் எழுதுவது நல்லது. எஸ் துணைக்கூட்டில் 2, பி-யில் 6, டி-யில் 10, எஃப்-இல் 14 எலக்ட்ரான் வரை இருக்கலாம். நிரம்பும் வரிசை: 1எஸ், 2எஸ், 2பி, 3எஸ், 3பி, 4எஸ், 3டி, 4பி. மூன்றாவது கூட்டின் டி துணைக்கூட்டை முந்திக்கொண்டு நாலாவது கூட்டின் எஸ் நிரம்புவதைக் கவனியுங்கள்.

மின்சுமையற்ற இரும்பு: 1எஸ்² 2எஸ்² 2பி⁶ 3எஸ்² 3பி⁶ 4எஸ்² 3டி⁶. மேலே உள்ள சிறு எண்களைக் கூட்டினால் 26. இந்தக் கூட்டலைத் தவறாமல் செய்யுங்கள், ஐந்து விநாடி வேலை.

அப்புறம் +3 அயனி. மூன்று எலக்ட்ரானை எடுக்க வேண்டும். கடைசியாக எழுதியது 3டி என்பதால் அங்கிருந்து மூன்றையும் எடுத்து 4எஸ்² 3டி³ என்று முடிப்பது வழக்கமான பிழை. அயனியாகும்போது முதலில் போவது வெளிக்கூட்டின் எலக்ட்ரான்கள். 4எஸ்-இலிருந்து இரண்டும், பிறகு 3டி-யிலிருந்து ஒன்றும் போகும். மிஞ்சுவது 1எஸ்² 2எஸ்² 2பி⁶ 3எஸ்² 3பி⁶ 3டி⁵, மொத்தம் 23. ஐந்தாம் படியில் வந்த எண்ணோடு ஒத்துப்போகிறது. எலக்ட்ரான் உள்ளே வந்த வரிசையும் வெளியே போகும் வரிசையும் ஒன்றல்ல. பொட்டாசியத்தில் 4எஸ் ஆற்றலில் கீழே இருந்தது உண்மைதான். ஆனால் கருவின் மின்சுமை கூடி, டி-யில் எலக்ட்ரான்கள் வந்து உட்கார்ந்த பிறகு, எளிதில் பிரிவது வெளியே இருக்கும் 4எஸ் எலக்ட்ரான்தான்.

டி துணைக்கூட்டில் ஐந்து ஆர்பிட்டால்கள், அதாவது எலக்ட்ரான் இருக்கும் இடங்கள், உண்டு. ஒவ்வொன்றிலும் எதிரெதிர்த் தற்சுழற்சியோடு இரண்டு எலக்ட்ரான் வரை இருக்கலாம். முதலில் ஒவ்வொன்றிலும் ஒன்றாக வையுங்கள், பிறகுதான் ஜோடி சேருங்கள். அப்படிப் பார்த்தால் இரும்பு +3 அயனியின் ஐந்து டி எலக்ட்ரான்களும் தனித்தனியாகவே நிற்கின்றன. குரோமியமும் தாமிரமும் இந்த நிரப்பு வரிசைக்கு அடங்காதவை: குரோமியம் 4எஸ்¹ 3டி⁵, தாமிரம் 4எஸ்¹ 3டி¹⁰. இந்த இரண்டையும் தனியாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

படம் வரைவது பற்றி ஒரு வார்த்தை. வட்டங்கள் எண்ணிப் பார்க்க மட்டுமே, எலக்ட்ரான் அந்தக் கோட்டில் ஓடுவதில்லை. ஆர்பிட்டால் என்பது எலக்ட்ரான் அதிகம் தென்படக்கூடிய பகுதி. அளவும் படத்தில் வராது. புரோட்டானை 1 மில்லிமீட்டர் ஆரத்தில் வரைந்தால், ஹைட்ரஜனின் எலக்ட்ரானை அறுபது மீட்டருக்கு மேல் தள்ளி வரைய வேண்டியிருக்கும்.

7. நிறையைக் கூட்டிப் பாருங்கள்: கணக்கு இடிக்க வேண்டும்

துகள்களின் நிறைகளைக் கூட்டி, அணுவின் அளந்த நிறையோடு ஒப்பிடுங்கள். சிறிய அணுவில் செய்தால் தெளிவாகத் தெரியும் என்பதால் ஹீலியம்-4 போதும்.

இரண்டு புரோட்டான் 2.01455, இரண்டு நியூட்ரான் 2.01733, இரண்டு எலக்ட்ரான் 0.00110. மொத்தம் 4.03298. அளந்த நிறை 4.00260. வித்தியாசம் 0.03038 அணு நிறை அலகு.

பலர் இந்த இடத்தில் பெருக்கலில் தவறிவிட்டோம் என்று அழித்து அழித்துப் போடுவார்கள். தவறு இல்லை. துகள்கள் கருவாக ஒன்று சேரும்போது ஆற்றல் வெளியேறுகிறது, அந்த அளவுக்கு நிறை குறைகிறது. இதற்கு நிறை குறைபாடு என்று பெயர். ஓர் அணு நிறை அலகு 931.5 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுக்குச் சமம் என்பதால், இந்தக் குறைபாடு சுமார் 28.3 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். ஹீலியம் கருவை நான்காகப் பிரிக்க வேண்டுமானால் இவ்வளவு ஆற்றலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கூட்டுத்தொகையும் அளந்த நிறையும் அச்சு அசலாக ஒத்துப்போனால்தான் நீங்கள் சந்தேகப்பட வேண்டும்.

ஆனால் உண்மையான பிழை ஒன்றும் இங்கே ஒளிந்திருக்கும். அட்டவணைகளில் தருவது முழு அணுவின் நிறை, எலக்ட்ரானும் அதில் சேர்த்தி. புரோட்டானையும் நியூட்ரானையும் மட்டும் கூட்டி அதோடு ஒப்பிட்டால் 27.3 என்று வரும். உங்கள் விடை ஏறக்குறைய 1 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் குறைந்து நின்றால், விட்டுப்போனது அந்த இரண்டு எலக்ட்ரான்கள்தான்.

8. புரோட்டானுக்கும் நியூட்ரானுக்கும் உள்ளே

இப்போது குவார்க்குகளைப் பார்க்கலாம். மேல் குவார்க்கின் மின்சுமை +2/3, கீழ் குவார்க்குக்கு −1/3. புரோட்டானில் இரண்டு மேல், ஒரு கீழ்: 2/3 + 2/3 − 1/3 = 1. நியூட்ரானில் ஒரு மேல், இரண்டு கீழ்: 2/3 − 1/3 − 1/3 = 0. எலக்ட்ரானுக்குள் இப்படி எதுவும் இதுவரை கண்டறியப்படவில்லை, அதை அப்படியே விட்டுவிடலாம்.

மின்சுமையைக் கூட்டலாம், ஆனால் நிறையைக் கூட்டிவிடாதீர்கள். மூன்று குவார்க்குகளின் நிறையைச் சேர்த்தால் புரோட்டானின் நிறையில் ஏறக்குறைய ஒரு விழுக்காடுதான் தேறும். மிச்சமெல்லாம் குவார்க்குகளின் இயக்கமும், அவற்றைக் கட்டி வைத்திருக்கும் குளுவான்களின் ஆற்றலும். ஹீலியத்தில் கட்டுண்டபோது நிறை குறைந்தது. இங்கே நிறையே பெரும்பாலும் அந்தக் கட்டின் ஆற்றலிலிருந்து வருகிறது. இரண்டையும் ஒரே சூத்திரத்தில் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

9. பயிற்சிக்கு ஒன்று: கார்பன்-14

இதுவரை செய்த எல்லாப் படிகளையும் ஒரே கணக்கில் சோதிக்கும் நல்ல கேள்வி இது. கார்பன்-14-இல் 6 புரோட்டான், 8 நியூட்ரான், 6 எலக்ட்ரான். பீட்டாச் சிதைவில் ஒரு நியூட்ரான் புரோட்டானாகிறது; நியூட்ரான் ஒரு துளி கனமானது என்ற முதல் உறவு இங்கேதான் உதவுகிறது. அதன் கீழ் குவார்க் ஒன்று மேல் குவார்க்காக மாறுகிறது, கூடவே ஓர் எலக்ட்ரானும் ஓர் எதிர்நியூட்ரினோவும் (மின்சுமையற்ற, மிக இலேசான துகள்) வெளியேறுகின்றன.

இரண்டாம் படிக்குத் திரும்புங்கள்: புரோட்டான் 7, ஆகவே தனிமம் நைட்ரஜன். நிறை எண் 14-இல் மாற்றமில்லை. நியூட்ரான் 14 − 7 = 7.

வெளியேறிய எலக்ட்ரான் கருவுக்குள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்ததல்ல, அந்தக் கணத்தில் உருவானது. கூடுகளில் இருந்து போனதும் அல்ல. எனவே சிதைந்த மறுகணம் கூடுகளில் எத்தனை எலக்ட்ரான் என்று கேட்டால், நைட்ரஜன் என்ற பெயரைப் பார்த்து 7 என்று எழுதிவிடாதீர்கள். கார்பனாக இருந்தபோது இருந்த 6 மட்டுமே கூடுகளில் இருக்கும். சிதைவின் உலுக்கலில் வேறொன்று உதிராத வரை அது +1 அயனிதான், சுற்றுப்புறத்திலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடித்துக்கொள்ளும் வரை.